அத்தை கூப்பிட்ட பெயர்

அத்தியாயம் ஒன்பது

"வா செல்லாயி! எப்படி வந்தே? பஸ்ஸுலயா, நடந்தா?"

குணசுந்தரி திரும்பிப் பார்த்தாள். தன் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். பின்னால் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் கெடிலம் ஆற்று மணல். ஆள் யாருமில்லை.

கட்டிலில் மல்லாந்து கிடந்த சௌந்தரம் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்ததோடு சிரிக்கவும் செய்தாள். நேற்று வரைக்கும் மருமகள் நிழல் மேலே பட்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்ட மாமியார்!

"அத்தே, நான் குணா. உங்க மருமவ."

"வெயில்ல வந்திருக்கே. மொதல்ல உக்காரு செல்லாயி."

குணசுந்தரி கையிலிருந்த வெந்நீர்ப் பேசினைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சிதம்பரம் கீழ வீதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நடனசபாபதியின் மனைவி, கடலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து துணை நர்ஸ் பயிற்சியில் சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய மாமனார் பூவராகன். வாதத்தில் படுத்த மனிதர். முதுகு முழுக்கப் புண்ணாகி, வாதத்தால் அல்ல, அந்தப் புண்ணால் செத்தார். படுத்த மனிதரைப் புரட்டிப் போட வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் புண் வாடை பல மாதங்கள் குணசுந்தரியை விட்டுப் போகவில்லை. 'எப்படிப் பாக்கணும்னு கத்துக்கிட்டு வரேன்' என்று கிளம்பினாள்.

'அப்ப நான் என் புருஷனச் சரியாப் பாக்கல, கொன்னுட்டேன்னு சொல்றியா?' என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள் சௌந்தரம். இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற சபாபதி, சைக்கிள் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சௌந்தரம்தான் கிணற்றடிப் பாசியில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்து, மருமகள் வேலை பழகும் அதே வார்டுக்கு வந்து சேர்ந்தாள். காலில் பட்டை சுற்றி, கயிறு கட்டி, கட்டில் முனையிலிருந்த உருளை வழியாக இரும்பு எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எலும்பு கூடும் வரைக்கும் அப்படியேதான் கிடக்க வேண்டும். "அவ என்னத் தொடக்கூடாது" என்று வந்த அன்றே வார்டு கேட்கச் சத்தம் போட்டாள். நேற்று சாயங்காலம்கூடத் தெளிவாகத் திட்டினாள்.

இன்றைக்கு விடிந்தபோது செல்லாயியைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"ஒன் சொந்தக்காரியா அவ, செல்லாயி?" என்று கேட்டாள் மலர்க்கொடி. அவள் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். குணசுந்தரியோடு சேர்ந்து பயிற்சிக்கு வந்தவள்.

"எனக்குத் தெரிஞ்சு எங்க வீட்டுல அந்தப் பேருல யாருமே இல்ல."

"அப்ப பெனாத்தறாங்க. கட்டிலுக்குக் கீழ பசுமாடு கட்டியிருக்குன்னு இப்பத்தான் சொன்னாங்க. கன்னுக்குட்டிக்கு வைக்கோல் போடச் சொன்னாங்க எங்கிட்ட."

வார்டு சிஸ்டர் மரியசெல்வம் காலையிலேயே கேட்டுவிட்டார். "உன் மாமியாருக்கு வேற ஆளப் போடட்டுமா, குணசுந்தரி?" வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். இப்போது அது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

உடம்பு துடைக்க ஆரம்பித்தார்கள். மறைப்புத் திரையை இழுத்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை மூடி, துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து, துடைத்ததும் மூடி. முதலில் கண், சோப்பில்லாமல். அப்புறம் முகம். பிறகு கை. என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடம்.

"இப்ப எடது கையத் தொடைக்கறேன் அத்தே."

"தொடை, தொடை. ஒன் கை குளுமையா இருக்கு."

ஐந்து வருஷத்தில் அத்தை அவளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதுவும் அவளுக்குச் சொன்னதல்ல.

முதுகுதான் கஷ்டம். எடை தொங்கும் காலோடு பக்கவாட்டில் புரட்டக்கூடாது. மலர்க்கொடி இரண்டு கையையும் இடுப்புக்கு அடியில் கொடுத்து நேராகத் தூக்கினாள். கட்டுமரம் தள்ளிப் பழகிய கை. குணசுந்தரி குனிந்து பார்த்தாள். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது.

மாமனாரின் முதுகும் இப்படித்தான் தொடங்கியது. அப்போது அதை 'வேக்குரு' என்றார்கள்.

விரலால் அழுத்திப் பார்த்தாள். வெளுத்தது, விரலை எடுத்ததும் மறுபடி சிவந்தது.

"ரத்தம் ஓடுது. இன்னும் புண்ணாவல. சீக்கிரம், கை வலிக்குது எனக்கு" என்றாள் மலர்க்கொடி.

குணசுந்தரி ஈரத்தை ஒற்றியெடுத்து, ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, சுருக்கமில்லாமல் விரிப்பை இழுத்துவிட்டு, பஞ்சு வளையத்தை அடியில் வைத்தாள். நெற்றி வியர்த்துவிட்டது. சௌந்தரம் கூரை விசிறியைப் பார்த்து, "பனமரம் ஏன் இப்படிச் சுத்துது?" என்று கேட்டாள்.

ரவுண்டு வந்த சிஸ்டர் நோயாளியின் நாக்கைப் பார்த்தார். கை மேல் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். கிள்ளிய இடம் உடனே படியவில்லை.

"நேத்துலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?"

"டம்ளர் ஒவ்வொரு தடவையும் காலியாத்தான் இருந்துது, சிஸ்டர்."

"காலியா இருந்துதா, குடிச்சாங்களா?"

குணசுந்தரி விழித்தாள். தண்ணீர் ஊற்றி வைத்தாள், போய்விட்டு வந்து பார்த்தாள், காலியாக இருந்தது, மறுபடி ஊற்றினாள். குடிப்பதை அவள் கண்ணால் பார்க்கவில்லை. மாமியாரின் முன்னால் நிற்கப் பயந்து, வைத்ததும் நகர்ந்துவிடுவாள்.

சிஸ்டர் தலைமாட்டிலிருந்த எச்சில் குவளையின் மூடியைத் திறந்தார். விளிம்பு வரை நல்ல தண்ணீர்.

"ஒண்ணுக்குப் போனாங்களா?"

"நேத்து சாயங்காலம் கொஞ்சம். ரொம்பக் கருத்துப் போயி..."

"சொல்லியிருக்கணும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த ஒரு வார்த்தையோடு சிஸ்டர் டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார். டாக்டர் வந்தார். வேறு காரணம் இருக்கிறதா என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். இப்போதைக்கு வாயால் குடிக்கவைக்கப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் தெளியவில்லையென்றால் குளுகோஸ் ஏற்றலாம் என்றார். தண்ணீர் இல்லாமலும் வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும் என்று சிஸ்டர் சொன்னார். அதனாலேயே இது வந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாதாம்.

"குடிக்காம எச்சில் குவளையில ஊத்தறாங்களே, ஏன்?" என்று குணசுந்தரி திரைக்கு வெளியே வந்து மலர்க்கொடியைக் கேட்டாள்.

"அவுங்களையே கேளேன்."

கேட்டாள். பார்லித் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து வாயருகே கொண்டுபோய், "ஏன் அத்தே வேணாங்கறீங்க?" என்றாள்.

சௌந்தரம் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "குடிச்சா போவணுமில்ல? படுத்த படுக்கையில, ஒரு தட்ட அடியில வெக்கறாளுவோ. மத்தவளுவோ வெச்சாக்கூடப் போவுது. என் மருமவ இங்கதான் வேல பாக்கறா, தெரியுமா? அவ எதிர்ல நான் துணியத் தூக்கணுமா? நீயே சொல்லு செல்லாயி."

கரண்டி குணசுந்தரியின் கையில் அப்படியே நின்றது.

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"அவ என்னப் பாத்து மனசுக்குள்ள சிரிப்பா. எம் மாமனார நீ எப்படிப் பாத்தேன்னு எனக்குத் தெரியும்டீன்னு நெனப்பா."

"நெனக்க மாட்டா" என்றாள் குணசுந்தரி.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். குழம்பிய நோயாளியோடு வாதாடவும் கூடாது, பொய் சொல்லவும் கூடாது. பெயரைச் சொல், செய்யப்போவதைச் சொல், அவ்வளவுதான் என்பார் சிஸ்டர். காலையிலிருந்து எத்தனையோ தடவை 'நான் குணா' என்று சொல்லிப் பார்த்துவிட்டாள். முதல் தடவைக்குப் பிறகு சொன்ன போதெல்லாம் அத்தையின் உதடு இறுகி மூடிக்கொண்டது. செல்லாயி என்று நினைக்கும்போதுதான் அந்த வாய் திறக்கிறது.

"குடி செல்லாயின்னு நீ சொன்னா குடிக்கறேன். நீ சொல்லி நான் எதத் தட்டியிருக்கேன்?" என்று கேட்டாள் சௌந்தரம், பெயர்களையே மாற்றிப் போட்டு.

"குடிங்க" என்றாள் குணசுந்தரி.

நான் செல்லாயி என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

சௌந்தரம் குடித்தாள். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்து, பிறகு அடுத்தது. புரையேறாமல் கொடுக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. வார்டில் மத்தியானச் சாப்பாடு வந்து போயிற்று. பக்கத்துக் கட்டில் கிழவி தூங்கிப்போனாள். குணசுந்தரி கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது.

"ஒம் புள்ளைய நான் கொறையில்லாம வளத்தேன், செல்லாயி" என்றாள் சௌந்தரம், மிகவும் சாதாரணமாக, சாமான் விலை சொல்வதுபோல. "எட்டாவது வரைக்கும் படிக்க வெச்சேன். கட வெச்சுக் குடுத்தேன். நல்ல எடத்துல பொண்ணு எடுத்தேன். ஆனா இப்ப வந்து குடுன்னு கேட்டா குடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

குணசுந்தரி கிண்ணத்தை லாக்கர் மேல் வைத்தாள்.

சௌந்தரத்துக்கு ஒரே மகன். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துத் தில்லைக்கூத்தன் கண் திறந்து கொடுத்த பிள்ளை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். சபாபதி என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான்.

கட்டிலடியில் பசுமாடு. கூரையில் பனைமரம். இதுவும் அப்படித்தானா?

பசுமாடு இல்லை என்பதைக் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இதை எங்கே குனிந்து பார்ப்பது?

"எந்தப் புள்ள அத்தே?" என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேறொருத்தியின் பெயரில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு கேட்டதே திருட்டு மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சௌந்தரம் முகத்தைச் சுளித்து நெளிந்தாள். குணசுந்தரி புரிந்துகொண்டாள். மலர்க்கொடியைக் கூப்பிட்டுத் திரையை இழுத்து, பெட்பேனை வெந்நீர் விட்டுச் சூடாக்கித் துடைத்து, போர்வைக்குள்ளேயே வைத்தாள். மலர்க்கொடி தூக்கிப் பிடித்தாள். குணசுந்தரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும் துடைத்து, கை கழுவ வைத்து, மூடிய தட்டோடு போய்ப் பார்த்தாள். நேற்றை விட நிறம் வெளுத்திருந்தது.

இதை உடனே சிஸ்டரிடம் சொன்னாள். செல்லாயியைப் பற்றிச் சொல்லவில்லை.

பார்வையாளர் நேரத்தில் சபாபதி வந்தான். சிதம்பரத்திலிருந்து பாசஞ்சரில் வந்தவன், சட்டையெல்லாம் கரித்தூள். கையில் தூக்குவாளி.

"இட்டிலி எடுத்தாந்தேன். எப்படி இருக்காங்க?"

"காலையிலேருந்து கொஞ்சம் தடுமாத்தமாப் பேசறாங்க. பயப்படாதீங்க. தண்ணி கொறஞ்சு போச்சு. இப்பக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

அவன் கட்டிலுக்குப் போய்க் குனிந்தான். "அம்மா."

சௌந்தரம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருப்பா நீ?"

அவன் சிரிக்க முயன்றான். "சபாபதிம்மா."

"யாரா இருந்தா என்ன. நல்ல புள்ளையா இருக்கே. இந்தக் காலக் கட்டிப் போட்டிருக்காளுவோ பாரு. அவுத்து வுடுப்பா. வலி தாங்கல. அவுத்து வுடுறா ராசா."

அவள் அழ ஆரம்பித்தாள். அவன் முகம் கோணிக்கொண்டு போனது. சட்டென்று கட்டில் முனைக்குப் போய், தொங்கும் எடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் முடிச்சைத் தேடினான்.

"கைய எடுங்க!"

அடுத்த கட்டில்கள் திரும்பிப் பார்த்தன. ஐந்து வருஷத்தில் புருஷனிடம் அவள் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

"மெதுவா விடுங்க. அது தொங்கணும். தரையிலயும் படக்கூடாது, கட்டில்லயும் சாயக்கூடாது. அவுத்தா எலும்பு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கும். கால் குட்டையாப் போயிடும்."

அவன் மெல்ல விட்டான். கயிறு மறுபடி நிமிர்ந்து இறுகியது. இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"என்னையே யாருன்னு கேக்கறாங்க, குணா."

"மயக்கத்துல எல்லாரும் அப்படித்தாங்க. என்னையும் தெரியல."

"ஒன்ன யாருன்னு நெனச்சுக்கிறாங்க?"

அவள் தயங்கினாள். "செல்லாயின்னு கூப்பிடறாங்க. ஒங்களுக்கு அந்தப் பேருல யாராவது தெரியுமா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்; நெற்றியைச் சுருக்கி, தெருத்தெருவாக, உறவு உறவாக. "இல்லியே. பொறந்ததுலேருந்து கேட்டதில்ல. வேற என்ன சொன்னாங்க?"

அந்த நெற்றியை அவள் பார்த்தாள். அந்த மூக்கை, காது மடலை. அத்தையின் சாயல் ஏதாவது இருக்கிறதா? இருக்கிற மாதிரியும் தெரிந்தது, இல்லாத மாதிரியும் தெரிந்தது. பூவராகனின் முகமோ நோய் தின்ற பிறகு எப்படியிருந்தது என்பதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய முகம் வரவில்லை.

"கட்டிலுக்குக் கீழ பசுமாடு இருக்குன்னாங்க" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"வார்டுல நோயாளி பேசறத வெளிய சொல்லக்கூடாதுங்க."

"நான் வெளியாளா?"

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஏதோ மறைக்கிறாள் என்பது புரிந்துவிட்டது அவனுக்கு. கீழ வீதியில் சத்தம் போட்டிருப்பான். இங்கே வெள்ளைச் சேலையில் நிற்கிற மனைவியிடம் எப்படிச் சண்டை போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எளநி குடிக்கலாமா அம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"சிஸ்டரக் கேட்டேன். குடுக்கலாம்னாங்க."

"வாங்கியாரேன்."

அவன் போனதும் அவள் உள்ளே வந்தாள். வெயில் இறங்கியிருந்தது. சௌந்தரம் கண்ணை மூடிக் கிடந்தாள். குணசுந்தரி வாயைச் சுற்றித் துடைத்துவிட்டு, அடிமுதுகின் சிவப்பைப் பார்க்க மலர்க்கொடியைக் கூப்பிடலாமா என்று எழுந்தாள்.

"குணா."

அவள் திரும்பினாள்.

சௌந்தரம் விழித்திருந்தாள். காலையில் இருந்த அந்தச் சிரிப்பு இல்லை. பழைய முகம், பழைய கண்.

"அத்தே? நீங்க எங்க இருக்கீங்க, தெரியுதா?"

"கடலூரு ஆஸ்பத்திரியில. வேற எங்க இருப்பேன், கால ஒடச்சுக்கிட்டு?" வறண்ட குரலில் எரிச்சல் தெரிந்தது. அந்த எரிச்சலைக் கேட்டுக் குணசுந்தரிக்குச் சந்தோஷமாக இருந்தது. "அவன் வந்தான் போலருக்கே?"

"எளநி வாங்கப் போயிருக்காரு."

சௌந்தரம் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் என்னென்னமோ பேசுன மாதிரி இருக்குது. செல்லாயின்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

"புள்ளையப் பத்தியும்?"

"சொன்னீங்க. நான் செல்லாயின்னு நெனச்சுக்கிட்டுச் சொன்னீங்க. நீங்க தண்ணி குடிக்கணும்னு நான் இல்லேன்னு சொல்லாம இருந்துட்டேன். அது தப்புதான் அத்தே."

"அவங்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். 'எங்குடியக் கெடுக்க வந்தவளே' என்று வரும் என்று தயாராக நின்றாள். சௌந்தரம் போர்வைக்கு வெளியே கையை நீட்டினாள். அது தன்னைத் தேடுகிற கையா, வெறுமனே நீட்டியதா என்று புரியாமல், குணசுந்தரி அதைத் தொடாமலே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடிகாடுங்கற ஊருல இருக்கா அவ" என்றாள் சௌந்தரம். "வருசா வருசம் ஆனித் திருமஞ்சனத்துக்கு வருவா. தேரு பாக்க வந்தவ மாதிரி கடைக்கு எதுத்தாப்புல நிப்பா. தேரப் பாக்க மாட்டா. இவனப் பாத்துட்டுப் போயிடுவா. ஒரு வார்த்த பேசுனதில்ல. அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு."

"அப்ப... அது பெனாத்தலில்லியா?"

"இந்த வருசம் வரல, குணா. தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் நானும் வாசல்ல நின்னு பாத்தேன். வரல. அன்னியிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. இருக்காளோ, போயிட்டாளோ. நீ போயிப் பாத்துட்டு வா. அவன் வேணாம். நீ போ."

வீட்டுக்குள் வரவேண்டாம் என்று கதவைச் சாத்தியவள், வேறு யாருக்கும் காட்டாத கதவைக் குணசுந்தரிக்குத் திறக்கிறாள். ஏன் என்று கேட்க நேரமில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"அவர்கிட்ட என்ன சொல்லிட்டு அத்தே போறது?"

"அது தெரிஞ்சிருந்தா, இத்தினி வருசமா நான் வாயத் தொறக்காம இருந்திருப்பேனா?"

சபாபதி இரண்டு இளநீரோடு உள்ளே வந்தான். அம்மா கண்ணைத் திறந்து தன்னைப் பார்ப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றான். மறுபடி யாரென்று கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டான்.

"அம்மா... என்னத் தெரியுதா?"

"தெரியாம?" என்றாள் சௌந்தரம். அவள் கண் அவன் மேல் இருந்தது. கை மட்டும் மருமகளின் மணிக்கட்டை இறுகப் பற்றியது. "நீ எம் புள்ளடா."